கம்ப்ரஸ் செய்த டேபிள் மறுபடி ஊதுகிறதே, ஏன்?

#1 ஓசூர்_லோக்கல் | செவ்வாய், இரவு 8.50

எல்லோருக்கும் வணக்கம். எலக்ட்ரானிக் சிட்டியில் டிபிஏ (டேட்டாபேஸைப் பராமரிக்கும்) வேலை, வீடு ஓசூர். அத்திப்பள்ளி டோலில் பஸ் நிற்கிற நேரத்தில் இதைத் தட்டுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வேர்ஹவுஸ் (ரிப்போர்ட்டுக்காகப் பழைய கணக்கைச் சேர்த்து வைக்கும் டேட்டாபேஸ்) ஆரக்கிள் 19சி. கடைகளின் பில் வரிகள் மொத்தமும் ஃபேக்ட் டேபிள் என்ற ஒரே பெரிய டேபிளில் இருக்கின்றன. நாளைக்குச் சுமார் 60 லட்சம் வரி, 7 வருஷக் கணக்கு. டேபிள் 2.6 டிபி (டெராபைட்), அதன் மேல் இண்டெக்ஸ்கள் (வரியைச் சீக்கிரம் தேடும் பட்டியல்கள்) 1.5 டிபி. பில் தேதியை வைத்து மாதத்துக்கு ஒரு பார்ட்டிஷன், அதாவது டேபிளுக்குள் ஒரு தனி அறை.

டிஸ்க் 91 சதவீதம் வந்துவிட்டது. புது ஸ்டோரேஜ் கேட்டால் "முதலில் இருப்பதைச் சுருக்கு" என்றார் மேனேஜர். இரண்டு மாதம் முன்பு டேபிளுக்குக் கம்ப்ரஸ் போட்டேன். அதற்கு முந்திய 12 மாதங்களை மட்டும் மூவ் பார்ட்டிஷன் (வரிகளைப் புதிதாக எழுதி வைப்பது) செய்தேன். மாதத்துக்கு 31 ஜிபி இருந்தது 19 ஆனது. சந்தோஷமாக இருந்தேன்.

இப்போது மூன்று சிக்கல். ஒன்று, கம்ப்ரஸ் போட்ட பிறகு வந்த புது மாதங்கள் இரண்டும் அதே 31 ஜிபி. இரண்டு, சுருக்கிய 12 மாதங்களும் போன வாரத்திலிருந்து ஊதி 27, 28 ஜிபிக்கு வந்துவிட்டன. மூன்று, ஆரம்பத்தில் சுருங்கியபோதும் டிஎஃப் (டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் கட்டளை) அடித்தால் டிஸ்க் அளவு ஒரு ஜிபிகூட இறங்கவில்லை. மேனேஜர் அந்த ஒரு எண்ணைத்தான் பார்க்கிறார்.

#2 சில்க்போர்டு_சிக்னல் | செவ்வாய், இரவு 9.05

என் சூட்கேஸ் கதைதான் தம்பி. மடிவாளாவில் பஸ் ஏறும்போது அழகா மூடும். பொங்கல் முடிஞ்சு திரும்பும்போது அம்மா ஒரு முறுக்கு டப்பா வைப்பாங்க. அதோட ஜிப் போச்சு.

#3 பத்தாயம் | செவ்வாய், இரவு 10.20

சிக்னல் விளையாட்டாகச் சொன்னாலும் உங்கள் இரண்டாவது சிக்கலுக்கு விடை அதுதான். வரிசையாகச் சொல்கிறேன்.

நீங்கள் போட்டது பேசிக் கம்ப்ரஷன். 2002ல் 9ஐ ரிலீஸ் 2ல் வந்த பழைய சரக்கு, எண்டர்பிரைஸ் எடிஷனோடு கூடவே வருவது. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மூன்றில் இரண்டு சிக்கல் தானாக விளங்கிவிடும். டேட்டா 8 கேபி பிளாக்குகளாக (துண்டுகளாக) இருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்ன அகராதி. அந்த பிளாக்குக்குள் திரும்பத் திரும்ப வருகிற மதிப்பை அகராதியில் ஒரு முறை எழுதிவிட்டு, வரிகளில் அதன் எண்ணை மட்டும் வைக்கும். பக்கத்து பிளாக்கில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அந்த அகராதியைக் கட்ட வேண்டுமானால் பிளாக் மொத்தமாக, ஒரே வீச்சில் நிரம்ப வேண்டும். அதனால்தான் டைரக்ட் பாத் லோடு (முழு பிளாக்குகளாக நேரே எழுதுவது), மூவ், கிரியேட் டேபிள் ஆஸ் செலக்ட் (இருப்பதிலிருந்து புது டேபிள் கட்டுவது) இவற்றில் மட்டும் சுருங்குகிறது. சாதாரண இன்ஸர்ட் ஒவ்வொரு வரியாக வந்தால் சுருங்காது. டிக்‌ஷனரி வியூவில் (டேபிள்கள் பற்றி ஆரக்கிள் வைத்திருக்கும் குறிப்பில்) கம்ப்ரஷன் "எனேபிள்டு" என்று பார்த்து ஏமாறாதீர்கள். அது அந்த டேபிளின் குணத்தைச் சொல்கிறதே தவிர, உள்ளே கிடக்கும் வரிகளின் நிலையைச் சொல்வதில்லை.

ஆகவே முதல் சிக்கல்: உங்கள் இரவு லோடு டைரக்ட் பாத்தில் போகவில்லை. அப்பெண்ட் ஹிண்ட் (டைரக்ட் பாத்தில் போ என்ற குறிப்பு) இருக்கிறது என்று லோடு டீம் சொல்வார்கள். நம்பாதீர்கள். டேபிளில் டிரிக்கரோ (வரி வந்ததும் தானாக ஓடும் நிரல்), எனேபிள் ஆன ஃபாரின் கீயோ (அந்த மதிப்பு வேறு டேபிளில் இருக்கிறதா என்று பார்க்கும் விதி) இருந்தால் ஆரக்கிள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் சாதாரண இன்ஸர்ட்டுக்கு இறங்கிவிடும். எர்ரர் வராது, வார்னிங்கும் வராது. பிளானில் (வேலையை எப்படிச் செய்யும் என்று ஆரக்கிள் காட்டும் பட்டியலில்) "லோட் ஆஸ் செலக்ட்" என்று இருக்கிறதா, "லோட் டேபிள் கன்வென்ஷனல்" என்று இருக்கிறதா பாருங்கள். இன்னொரு நாட்டு வைத்தியம்: இன்ஸர்ட் முடிந்ததும் கமிட் செய்யாமல் அதே செஷனில் அந்த டேபிளை செலக்ட் செய்யுங்கள். ஓஆர்ஏ-12838 என்ற எர்ரர் வந்தால் டைரக்ட் பாத். ஒழுங்காக விடை வந்தால் இல்லை. எர்ரர் வந்ததற்கு மனிதன் சந்தோஷப்படுகிற இடம் இது ஒன்றுதான்.

இரண்டாவது: போன வாரம் யாரோ பழைய வரிகளை அப்டேட் செய்திருக்கிறார்கள். பேசிக் கம்ப்ரஷன் போட்டால் பிசிடிஃப்ரீ (அப்டேட்டுக்காக பிளாக்கில் விடும் காலி இடம்) 0 ஆகிவிடும். பிளாக்கில் மூச்சு விட இடமில்லை. ஒரு வரியைத் தொட்டால் அதன் சுருக்கம் அவிழ்கிறது, பிளாக்கில் இடமில்லாததால் வரி வேறு பிளாக்குக்குக் குடிபோகிறது, பழைய இடத்தில் புது விலாசம் எழுதிய ஒரு சீட்டு மட்டும் நிற்கும். முழு ஸ்கேனுக்கு இதனால் பெரிய பாதிப்பில்லை. இண்டெக்ஸ் வழியாக வருபவன் ஒரு வீட்டுக்குப் போய்ச் சீட்டைப் படித்து இன்னொரு வீட்டுக்கு ஓட வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டுகள் போன வாரத்திலிருந்து மெதுவாகியிருக்குமே?

மூன்றாவது டிஸ்க் சிக்கல். அதை நாளை எழுதுகிறேன். அல்சூரில் கரண்ட் போய்விட்டது, யுபிஎஸ் கத்துகிறது.

#4 யானைப்பாகன் | செவ்வாய், இரவு 11.10

போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் வைத்திருக்கும் ஆட்களுக்காக ஒரு குறிப்பு. நம் பக்கம் இந்த பிளாக் அகராதி வித்தையே கிடையாது. டோஸ்ட் (பெரிய மதிப்பைச் சுருக்கித் தனியே வைக்கும் வசதி) இருக்கிறதே என்பார்கள். ஒரு வரி சுமார் 2 கேபியைத் தாண்டினால்தான் டோஸ்ட் எட்டிப் பார்க்கும். பில் வரி போல 150, 200 பைட் வரிகளை அது தொடவே தொடாது. 14ம் பதிப்பில் எல்இசட்4 என்ற சுருக்கும் முறை வந்ததும் இதற்கு உதவாது. 10ம் பதிப்பிலிருந்து டிக்ளரேட்டிவ் பார்ட்டிஷன் இருக்கிறது, பழைய மாதத்தைக் கழற்றிவிட அது அருமை. சுருக்குவதற்கு சிட்டஸின் காலம்னர், டைம்ஸ்கேல் மாதிரி எக்ஸ்டென்ஷன் அல்லது கீழே இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம். நான் இசட்எஃப்எஸ் பக்கம்.

#5 ஓசூர்_லோக்கல் | புதன், காலை 8.15

பத்தாயம் சார், நேரில் பார்த்த மாதிரி சொல்லியிருக்கிறீர்கள். பிளானில் "கன்வென்ஷனல்" என்றே இருக்கிறது. அப்பெண்ட் ஹிண்ட் 3 வருஷமாக அந்த ஸ்கிரிப்டில் இருக்கிறது! காரணம் ஃபாரின் கீதான். கடை, பொருள், வாடிக்கையாளர் மூன்று டைமென்ஷன் (விவர) டேபிளுக்கும் எனேபிள் ஆகியிருக்கிறது.

அப்டேட்டும் உண்மை. ஃபைனான்ஸ் டீம் புதிதாக ஒரு ஜாப் வைத்திருக்கிறார்கள். வங்கிப் பணத்தோடு பில்லை ஒத்துப் பார்த்து, ஒவ்வொரு வரியிலும் "சரிபார்த்தது" என்று ஒய் போடுகிறார்கள். ஒரு வருஷத்துக்கும் சேர்த்துப் போன வியாழக்கிழமை ஓட்டியிருக்கிறார்கள். எனக்குத் தகவலே இல்லை.

கூகிளில் தேடியபோது "ரோ ஸ்டோர் கம்ப்ரஸ் அட்வான்ஸ்டு" என்று போட்டால் சாதாரண இன்ஸர்ட்டும் சுருங்கும் என்று படித்தேன். அதைப் போட்டுவிடலாமா?

#6 பத்தாயம் | புதன், காலை 8.40

போடாதீர்கள்! முதலில் லைசென்ஸ் கேளுங்கள். அது அட்வான்ஸ்டு கம்ப்ரஷன் என்ற தனி ஆப்ஷன், தனிக் காசு. டேட்டாபேஸ் உங்களைத் தடுக்காது, நல்ல பிள்ளையாக வேலை செய்யும். ஆனால் ஃபீச்சர் யூசேஜ் வியூவில் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளும். ஆடிட் வரும் நாளில் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். பார்ட்டிஷனிங்கும் அப்படித் தனி ஆப்ஷன்தான். அது உங்களிடம் இருக்கும் என்று நினைக்கிறேன், இல்லையென்றால் இந்த இழையை மூடிவிட்டு வேறு கவலைப்படலாம்.

ஃபாரின் கீயை வேர்ஹவுஸில் எனேபிள் செய்து வைப்பது வீட்டுக்குள் செருப்போடு நடப்பது மாதிரி. லோடு ஸ்கிரிப்ட் ஏற்கெனவே சரிபார்த்துத்தானே அனுப்புகிறது? "ரிலை டிஸேபிள் நோவேலிடேட்" (விதி எழுத்தில் மட்டும், சோதனை இல்லை) ஆக்குங்கள். உறவு இருக்கிறது என்ற தகவல் ஆப்டிமைசருக்கு (கேள்விக்கு நல்ல வழியைத் தேடும் பகுதிக்கு) கிடைக்கும், டைரக்ட் பாத்தும் திறக்கும்.

ஃபைனான்ஸின் ஒய்/என்: அது இந்த டேபிளில் இருக்கக் கூடாது. பில்லுக்கு ஒன்று போதுமானதை வரிக்கு ஒன்றாக எழுதுகிறார்கள். பில் எண், ஒத்துப் பார்த்த தேதி என்று இரண்டே நெடுவரிசையில் தனி டேபிள். இன்ஸர்ட் மட்டும், அப்டேட்டே இல்லை. முடிந்துபோன மாதத்தை யாரும் பேனாவால் தொடக் கூடாது. குதிரில் கொட்டி வாயைச் சாணம் பூசி அடைத்த நெல்லை யாராவது தினம் கிளறுவார்களா?

#7 நெடுவரிசை | புதன், பகல் 1.30

நான் லேக்ஹவுஸ் பக்கத்து ஆள், பார்க்கே ஃபைல்களோடு (நெடுவரிசை வாரியாக டேட்டாவை வைப்பவை) குடித்தனம். ஆனாலும் 31 ஜிபி 19 ஆனதை யாரும் கேள்வி கேட்கவில்லையே என்று வருகிறேன். அது மோசமான சுருக்கம். லோடான வரிசையிலேயே மூவ் செய்திருப்பீர்கள். வரிசை மாற்றினால் பாதிக்கும் கீழே போகும்.

எங்கள் பக்கம் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். பார்க்கேயில் ஒரு நெடுவரிசையின் மதிப்புகள் அடுத்தடுத்து உட்காருகின்றன. முதலில் அகராதி, பிறகு ஒரே மதிப்பு தொடர்ந்து வந்தால் "இது இத்தனை தடவை" என்று ஒரே குறிப்பு, அதன் மேல்தான் ஸ்நாப்பியோ இசட்எஸ்டிடியோ ஒரு கோடெக் (சுருக்கும் நிரல்). வரிகளைப் பொருள் வாரியாக அடுக்கிக் கொடுத்தால் இரண்டாம் படியிலேயே காணாமல் போய்விடும். கலைத்துக் கொடுத்தால் எந்த கோடெக் வந்தாலும் திணறும். நான் பார்த்தவரை கோடெக்கை மாற்றிக் கிடைத்ததைவிட அடுக்கை மாற்றிக் கிடைத்ததுதான் அதிகம். ஆனால் மீட்டிங்கில் எல்லோரும் கோடெக்கைப் பற்றித்தான் பேசுவார்கள்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு கம்பெனிக்கு முன்னால், தேதியோடு வாடிக்கையாளர் எண்ணையும் பார்ட்டிஷனாக வைத்தேன். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு ஃபோல்டர், உள்ளே சில கேபியில் ஒரு ஃபைல். எச்டிஎஃப்எஸ்ஸில் (பல சர்வர்களில் பரவிய ஃபைல் சிஸ்டம்) ஒரு ஃபைலும் அதன் பிளாக்கும் நேம்நோடு (ஃபைல் பட்டியலை வைத்திருக்கும் சர்வர்) மெமரியில் ஆளுக்குச் சுமார் 150 பைட் பிடிக்கும். கோடிக்கணக்கில் ஃபைல் ஆனபோது டிஸ்க் காலியாக இருந்தது, நேம்நோடு படுத்துவிட்டது. ஃபைலின் தலைப்பும் அடிக்குறிப்பும் உள்ளே இருக்கிற டேட்டாவைவிடப் பெரிதாக இருந்தால் எதைச் சுருக்குவது? பல லட்சம் விதமான மதிப்பு உள்ளதை அடுக்கும் வரிசையில் வையுங்கள், பார்ட்டிஷனில் வைக்காதீர்கள்.

#8 பத்தாயம் | புதன், இரவு 9.45

நெடுவரிசை அம்மா சொல்வது சரி. நான் இரண்டாம் பாடமாக வைத்திருந்ததை முந்திவிட்டார்.

லோக்கல் தம்பி, அடுக்கும் வரிசையை இப்படித் தேடுங்கள். ஸ்டாட்ஸில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் எத்தனை விதமான மதிப்பு, சராசரி நீளம் என்ன என்று எடுங்கள். நீளம் அதிகம், விதம் குறைவு, இதுதான் தங்கம். ஒரு பைட் ஒய்/என் எத்தனை முறை வந்தாலும் அதில் லாபமில்லை. 15 எழுத்து ஜிஎஸ்டிஐஎன் (ஜிஎஸ்டி பதிவு எண்), 50 எழுத்துப் பொருள் பெயர் இவைதான் இடம் தின்கின்றன. பொருளின் பெயர், பிராண்டு, எச்எஸ்என் கோடு (பொருள் வகை எண்), வரி விகிதம் எல்லாம் பொருள் எண்ணோடு ஒட்டியே நகரும். ஒன்றை அடுக்கினால் எல்லாம் அடுக்காகிவிடும்.

ஒரு மாதத்தை எடுத்து மூன்று விதமாக அடுக்கி மூன்று டேபிள் கட்டிப் பாருங்கள். ஊகிக்காதீர்கள். இதில் என் ஊகமே பல தடவை தோற்றிருக்கிறது.

#9 ஓசூர்_லோக்கல் | வெள்ளி, இரவு 9.10

செய்து பார்த்தேன். மார்ச் மாதம், சுருக்காமல் 31.4 ஜிபி. எல்லாம் அதே பேசிக் கம்ப்ரஷன், அடுக்கு மட்டும் வேறு:

லோடான வரிசையில் 19.2
கடை, நேரம் என்று அடுக்கினால் 17.5
பொருள், கடை என்று அடுக்கினால் 9.3

நடுவில் இருப்பது ஏன் இவ்வளவு குறைவான லாபம் என்று புரியாமல் பஸ்ஸில் பொம்மசந்திரா வரை யோசித்தேன். பிறகு பிடிபட்டது. லோடாகும் வரிசையிலேயே ஒரு பில்லின் வரிகள் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. பில் எண், வாடிக்கையாளர், கல்லாப்பெட்டி, பணம் கட்டிய விதம் எல்லாம் ஏற்கெனவே ஒன்றுபோல வருகின்றன. கடை வாரியாக அடுக்கினாலும் அதே பில்கள்தான் ஒட்டி நிற்கின்றன. பொருள் வாரியாக அடுக்கும்போது பில் சிதறிவிடுகிறது, ஆனால் வரிக்கு 90 பைட்டுக்குக் கிட்டப் பொருள் விவரம் சுருங்குவதால் தராசு அந்தப் பக்கம் சாய்கிறது.

ஒரு சந்தேகம். பொருள் வாரியாக அடுக்கினால் "குறிப்பிட்ட ஒரு பில்லைக் காட்டு" என்ற கேள்விக்கு 8 வரியும் 8 பிளாக்கில் இருக்குமே?

#10 நெடுவரிசை | வெள்ளி, இரவு 9.30

இருக்கும். அந்தக் கேள்வியை 2 வருஷத்துக்கு முந்திய பில்லுக்கு யார் கேட்கிறார்கள், நாளைக்கு எத்தனை தடவை என்று லாக்கில் பாருங்கள். பத்து பேர் என்றால் அவர்கள் ஒரு கண் சிமிட்டல் காத்திருக்கட்டும். நடப்பு மாதத்தையும் அதற்கு முந்திய மாதத்தையும் அடுக்காமல் விடுங்கள். "நேற்று எவ்வளவு விற்றோம்" என்று டேஷ்போர்டு நாள் முழுக்கக் கேட்பது அங்கேதான்.

#11 வர்த்தூர்_ஏரி | சனி, காலை 7.20

இழையைப் பார்த்து நானும் ஆர்வத்தில் எங்கள் டேபிளில் மூவ் கம்ப்ரஸ் செய்தேன். ஓஆர்ஏ-14646 வந்து நிற்கிறது, பிட்மேப் இண்டெக்ஸ் (ஒவ்வொரு மதிப்பும் எந்த வரியில் என்று 0, 1 ஆகக் குறிப்பது) இருக்கிறதாம். இருந்தால் என்ன?

அதோடு ஒரு வயிற்றெரிச்சல். பார்ட்டிஷன் போட்டும் எங்கள் ரிப்போர்ட் 40 நிமிஷம் ஓடுகிறது. வேர் கண்டிஷனில் "டூ_சார் பில்தேதி, வருடமாதம் சமம் 202403" என்று தேதியை எழுத்தாக மாற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள்.

#12 பத்தாயம் | சனி, காலை 8.00

பிட்மேப் இண்டெக்ஸ் ஒரு பிளாக்கில் அதிகபட்சம் இத்தனை வரிதான் இருக்க முடியும் என்ற கணக்கை வைத்துத்தான் தன் பிட்டுகளை எண்ணுகிறது. கம்ப்ரஸ் வந்தால் பிளாக்குக்குள் வரிகள் பல மடங்கு ஆகலாம், அந்தக் கணக்கு உடைகிறது. முதல் தடவை மட்டும் பிட்மேப் இண்டெக்ஸ் எல்லாவற்றையும் அன்யூசபிள் (பயன்படாதது) ஆக்கி, ஒரு பார்ட்டிஷனைக் கம்ப்ரஸ் செய்து, பிறகு ரீபில்டு. அடுத்த தடவை கேட்காது. புது டேபிள் கட்டுகிறவர்கள் பிறக்கும்போதே கம்ப்ரஸ் குணத்தோடு கட்டிவிட்டால் இந்த வலியே இல்லை.

உங்கள் டூ_சார்: பார்ட்டிஷன் கீயை ஃபங்ஷனுக்குள் வைத்துப் பொதிந்துவிட்டால் எந்தப் பார்ட்டிஷன் என்று ஆப்டிமைசருக்குத் தெரியாது. பிளானில் "பார்ட்டிஷன் ரேஞ்ச் ஆல்" என்று இருக்கும் பாருங்கள், அதற்கு அர்த்தம் எல்லா அறையையும் திறந்து பார்த்தேன் என்று. பில்தேதி மார்ச் 1க்குச் சமம் அல்லது பெரிது, ஏப்ரல் 1க்குச் சிறிது என்று எழுதினால் "ரேஞ்ச் சிங்கிள்" ஆகிவிடும். தேதியை வார்சார் (வெறும் எழுத்து) நெடுவரிசையில் வைத்திருந்தால் அதற்கு என்னிடம் மருந்தில்லை.

இந்த வசதியெல்லாம் 1997ல் ஆரக்கிள் 8ல் வந்தது. அதற்கு முன் மாதத்துக்கு ஒரு டேபிள் கட்டி, எல்லாவற்றையும் யூனியன் ஆல் போட்டு ஒரு வியூ. ஜனவரி 1ந் தேதி காலையில் வியூவை மாற்ற மறந்தவன் புத்தாண்டை ஆபீஸில் கொண்டாடுவான். கொண்டாடியிருக்கிறேன்.

#13 ஓசூர்_லோக்கல் | ஞாயிறு, மாலை 5.00

லீவு நாளில் செக்மென்ட் (டேபிளோ பார்ட்டிஷனோ பிடித்திருக்கும் இடம்) சைஸ் லிஸ்ட் முழுவதையும் எடுத்து உட்கார்ந்தேன். பில் டேபிளையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு பூதத்தை விட்டுவிட்டோம்.

ரிட்டர்ன் டேபிள் என்று ஒன்று இருக்கிறது, வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்த பொருள்கள். டேட்டா மொத்தமே 10 ஜிபிகூட வராது. அது பிடித்திருக்கும் இடம் 319 ஜிபி! வடிவமைத்தவர் தினசரி பார்ட்டிஷன், அதற்குள் 16 ஹேஷ் சப்பார்ட்டிஷன் (உள் அறைகள்) வைத்திருக்கிறார். 7 வருஷம், 365 நாள், 16: மொத்தம் 40,880 செக்மென்ட். ஒவ்வொன்றும் சரியாக 8 எம்பி.

#14 பத்தாயம் | ஞாயிறு, மாலை 5.40

ஆஹா. ஆரக்கிள் 11.2.0.2லிருந்து பார்ட்டிஷன் செக்மென்ட் பிறக்கும்போதே 8 எம்பி எக்ஸ்டென்ட்டோடு (ஒரே துண்டாக ஒதுக்கிய இடத்தோடு) பிறக்கும். ஒரு வரிகூட வரும்வரை செக்மென்ட்டே இருக்காது, ஒரே ஒரு வரி வந்தால் 8 எம்பி. பெரிய டேபிளுக்கு அது நல்ல முடிவு, சின்னதுக்கு இப்படி. மாதத்துக்கு ஒன்று ஆக்கி ஹேஷை எடுத்துவிடுங்கள். 84 செக்மென்ட்டில் அடங்கிவிடும்.

பெரிய டேபிளில் செய்ததைச் சின்ன டேபிளுக்கும் காப்பி செய்யும் பழக்கம் எல்லா ஆபீஸிலும் இருக்கிறது. பார்ட்டிஷன் என்பது பட்டம் இல்லை, எல்லோருக்கும் வழங்க.

#15 சில்க்போர்டு_சிக்னல் | ஞாயிறு, மாலை 5.55

40,880 ரூம் கட்டி ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆள். எங்க பிஜி ஓனர் கேட்டா அழுவார். அவர் ஒரு ரூம்ல நாலு பேர் வைக்கிறார்.

#16 கணக்குப்பிள்ளை | திங்கள், காலை 10.15

நான் டேட்டாபேஸ் ஆள் இல்லை, சிஏ ஃபர்ம் ஒன்றில் இருக்கிறேன், தம்பி ஒருவன் இந்த இழையை அனுப்பினான். சுருக்குவது பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், தூக்கிப் போடுவது பற்றி ஒருவரும் பேசவில்லை. ஒருவேளை பேசப் போகிறீர்கள் என்றால் அவசரப்பட வேண்டாம். கம்பெனிகள் சட்டம் 2013, 128ம் பிரிவுப்படி கணக்குப் புத்தகங்களும் அவற்றுக்குரிய வவுச்சர்களும் 8 நிதியாண்டு இருக்க வேண்டும். ஜிஎஸ்டியில் 36ம் பிரிவு, அந்த வருஷத்தின் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். வழக்கு, அப்பீல் இருந்தால் இன்னும் நீளும். எண்ணுவது ஏப்ரலிலிருந்து, ஜனவரியிலிருந்து இல்லை.

இன்னொன்று. ரிட்டர்ன் வந்தால் அதை எந்தத் தேதியில் வைக்கிறீர்கள்? எங்களுக்குப் பழைய பில் மாதத்திலேயே கழித்துக் காட்ட வேண்டும் என்று சில கிளையன்ட்டுகள் பிடிவாதம் பிடிக்கிறார்கள்.

#17 நெடுவரிசை | திங்கள், பகல் 12.10

கணக்குப்பிள்ளை சார் கேட்டதுதான் எல்லா வேர்ஹவுஸ் சண்டையின் ஆணிவேர். பார்ட்டிஷனை நடந்த தேதியில் வைப்பதா, பதிவான தேதியில் வைப்பதா? நான் பதிவான தேதி கட்சி. ரிட்டர்ன் என்பது புது வரி, இன்றைய தேதி, பழைய பில் எண் அதில் ஒரு நெடுவரிசை. மூடிய மாதம் மூடியே இருக்கும். "பழைய மாதத்தில் கழித்துக் காட்டு" என்பது ரிப்போர்ட் செய்ய வேண்டிய வேலை.

#18 பத்தாயம் | திங்கள், இரவு 8.30

கொள்கையில் ஒத்துக்கொள்கிறேன், நடைமுறையில் அரை மனது. பயனர் எழுதுவது எப்போதும் பில் தேதியில்தான். பதிவுத் தேதியில் பார்ட்டிஷன் போட்டால் "மார்ச் விற்பனை" என்ற கேள்விக்கு மார்ச், ஏப்ரல், மே என்று எத்தனை அறை திறப்பது என்று தெரியாது. நான் பில் தேதியில் போட்டு, கடைசி மூன்று மாதத்தைத் திறந்தே வைப்பேன். நாலாவது மாதம் அடுக்கிச் சுருக்கு. அதற்குப் பிறகு வருகிற ஒன்றிரண்டு வரி சுருங்காமலே ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும். இன்ஸர்ட் அவ்வளவு கெடுதல் செய்யாது, அப்டேட்தான் எமன்.

இப்போது பாக்கி வைத்த டிஸ்க் பாடம். மூவ் செய்தால் காலியாகும் இடம் டேபிள்ஸ்பேஸுக்குள் (டேட்டாஃபைல்களின் தொகுப்புக்குள்) காலி, டேட்டாஃபைலுக்குள் ஓட்டையாக நிற்கிறது. ஃபைல் சிஸ்டத்துக்கு அது தெரியாது. ஃபைலை ரீசைஸ் செய்யலாம், ஆனால் கடைசியாக உட்கார்ந்திருக்கும் ஒரு எக்ஸ்டென்ட் வரைதான் வெட்ட முடியும். 32 ஜிபி ஃபைலின் வாலில் யாராவது ஒருத்தன் படுத்திருப்பான், நடுவில் முழுக்கக் காலி. அதனால் நிதியாண்டுக்கு ஒரு புது டேபிள்ஸ்பேஸ் கட்டுங்கள். ஒரு மாதத்துக்கு "ஃபார் எக்ஸ்சேஞ்ச்" என்று ஒரு காலி டேபிள், 12.2லிருந்து உண்டு. அதில் அப்பெண்ட் போட்டு அடுக்கி இறக்கி, இண்டெக்ஸ் கட்டி, எக்ஸ்சேஞ்ச் பார்ட்டிஷன் (அந்த டேபிளையும் பழைய அறையையும் இடம் மாற்றுவது). மாறுவது டிக்‌ஷனரி எழுத்து மட்டும்தான், நொடியில் முடியும். பழைய டேபிள்ஸ்பேஸில் யாருமே இல்லை என்றானதும் ஃபைலோடு சேர்த்து டிராப். அன்றைக்குத்தான் உங்கள் மேனேஜருக்கு டிஎஃப் இறங்கும்.

மூடிய வருஷத்தின் டேபிள்ஸ்பேஸை ரீட் ஒன்லி ஆக்கிவிடுங்கள். ஃபைனான்ஸின் அடுத்த ஜாப் எர்ரரில் முட்டிக்கொண்டு உங்களிடம் வந்து கேட்கும். ஆர்மேன் (ஆரக்கிளின் பேக்கப் கருவி) பேக்கப்பிலும் அதை ஒரு முறை எடுத்து வைத்து, தினமும் எடுப்பதிலிருந்து விலக்கலாம்.

இண்டெக்ஸ் 1.5 டிபியையும் சும்மா விடாதீர்கள். பழைய மாதங்களில் யாரும் தொடாத லோக்கல் இண்டெக்ஸ் பார்ட்டிஷனை அன்யூசபிள் ஆக்கினால் அதன் செக்மென்ட்டே போய்விடும், 11.2லிருந்து. ஆனால் பில் எண் இண்டெக்ஸை வைத்துக்கொள்ளுங்கள், ஆடிட்டர் வருவார்.

#19 யானைப்பாகன் | திங்கள், இரவு 9.00

ஆடிட்டர் ஏற்கெனவே வந்துவிட்டார் சார், #16ல்.

#20 ஓசூர்_லோக்கல் | 7 வாரம் கழித்து, சனி இரவு 11.30

தாமதத்துக்கு மன்னிக்கவும். வார இறுதி இரவுகளில் மட்டும் ஓட்ட அனுமதி கிடைத்தது. சனிக்கிழமைக்கு 14, 15 மாதம் என்று 72 மாதத்தை முடித்தேன். கடைசி 12 மாதத்தைத் தொடவில்லை. சார் சொன்ன மூன்று மாதம் ஃபைனான்ஸுக்குப் போதவில்லை, பேரம் பேசிப் பன்னிரண்டில் நின்றது.

முதல் இரவே எக்ஸ்சேஞ்சில் ஓஆர்ஏ-14097, நெடுவரிசைகள் பொருந்தவில்லை என்று. என்றோ ஒரு நெடுவரிசையை அன்யூஸ்டு (நீக்காமல் மறைத்தது) ஆக்கி விட்டிருக்கிறார்கள், நான் கிரியேட் டேபிள் ஆஸ் செலக்டில் கட்டிய டேபிளில் அது இல்லை. "ஃபார் எக்ஸ்சேஞ்ச்" வைத்துக் கட்டியதும் போனது. சார் சொன்னதை ஒழுங்காகப் படிக்காததற்கு ஒரு சனிக்கிழமை அபராதம்.

மாதம் சராசரி 9.6 ஜிபி. ரிட்டர்ன் டேபிள் 11 ஜிபியில் முடிந்தது. பழைய டேபிள்ஸ்பேஸைப் போன சனி இரவு 2 மணிக்கு டிராப் செய்தேன். டிஎஃப் 91லிருந்து 52. திங்கள் காலை மேனேஜர் மானிட்டரிங் சரியாக வேலை செய்கிறதா என்று டிக்கெட் போட்டார்.

ஒரு சந்தேகம் பாக்கி. மறைகுறியாக்கம் செய்ய வேண்டும் என்று செக்யூரிட்டி டீம் இப்போது வந்து நிற்கிறார்கள். சுருக்கியது வீணாகிவிடுமா?

#21 பத்தாயம் | ஞாயிறு, காலை 6.10

டேபிள்ஸ்பேஸ் அளவில் செய்தால் வீணாகாது, முதலில் சுருக்கம், பிறகு பூட்டு. நெடுவரிசை அளவில் செய்யச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள். பூட்டிய மதிப்பு ஒன்றுபோல் ஒன்று இராது, அகராதிக்கு வேலை இராது. அந்த மீட்டிங்குக்கு 9.3 என்ற எண்ணையும் 31.4 என்ற எண்ணையும் கொண்டுபோங்கள்.

#22 சில்க்போர்டு_சிக்னல் | ஞாயிறு, காலை 9.45

52 சதவீதமா? அப்போ அந்தக் காலி இடத்தில வைக்க எவனாவது ஒரு புது டேபிளோட வருவான் பாருங்க.

#23 ஓசூர்_லோக்கல் | ஞாயிறு, காலை 9.50

வெள்ளிக்கிழமையே வந்துவிட்டான். தினசரி பார்ட்டிஷன், 16 ஹேஷ் கேட்கிறான்.